பாதுகாவலர் வேண்டாம் என்றவருக்கு ரிவால்வர் கொடுத்த அதிகாரி! எலினார் ரூஸ்வெல்ட் சுடப் பழகியது ஏன்?

அமெரிக்க அதிபரின் மனைவி என்றால் முன்னும் பின்னும் கார்கள், சுற்றிலும் பாதுகாவலர்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் ஒருவர் மட்டும் அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தானே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர்தான் எலினார் ரூஸ்வெல்ட். அவரைக் கட்டுப்படுத்த முடியாத பாதுகாப்புத் துறை, கடைசியில் அவரிடமே ஒரு ரிவால்வரைக் கொடுத்துவிட்டது.

அந்த ரிவால்வரை அவர் என்ன செய்தார்? அதைத் தெரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

யார் இந்த எலினார்?

1884 அக்டோபர் 11ஆம் தேதி நியூயார்க்கில் ஒரு வசதியான குடும்பத்தில் பிறந்தவர். வசதி இருந்ததே தவிர நிம்மதி இல்லை. பத்து வயது நிறைவதற்குள் அம்மா, அப்பா இருவரையும் இழந்து, பாட்டி வீட்டில் வளர்ந்தார். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற, கூச்ச சுபாவம் உள்ள பெண். இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பு அவருக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

1905ல் தூரத்துச் சொந்தமான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைத் திருமணம் செய்துகொண்டார். 1921ல் பிராங்க்ளினுக்கு போலியோ தாக்கி, கால்கள் செயலிழந்தன. அதற்குப் பிறகு கணவர் போக முடியாத இடங்களுக்கு எலினார் போனார். நியூயார்க் மாகாண ஆளுநராக கணவர் இருந்தபோது மருத்துவமனை, காப்பகம் என்று நேரில் போய்ப் பார்த்து, உள்ளே என்ன நடக்கிறது என்று வந்து சொல்வார். சமையலறைப் பாத்திரத்தைத் திறந்து பார்க்கும் அளவுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் போலீஸ் புடைசூழப் போனால், யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? அவர் பாதுகாவலரை ஒதுக்கியதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ரூஸ்வெல்ட் குடும்பமும் மூன்று ரிவால்வர்களும்

அப்படின்னா ஆபத்து பற்றி அவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். சட்டைப் பையில் அடங்கும் சின்ன ரிவால்வர் என்ன செய்யும் என்பதை அவர் குடும்பம் அளவுக்குப் பார்த்தவர்கள் குறைவு.

முதலாவது, 1901. அதிபர் மெக்கின்லி பஃபலோ நகரில் மக்களோடு கை குலுக்கிக்கொண்டிருந்தார். வரிசையில் வந்த ஒருவன், கையில் சுற்றிய கைக்குட்டைக்குள் .32 ரிவால்வரை மறைத்து வைத்திருந்தான். சுடப்பட்ட மெக்கின்லி எட்டு நாளில் இறந்தார். துணை அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அதிபரானார். அவர் எலினாருக்குப் பெரியப்பா முறை, அப்பாவின் உடன்பிறந்த அண்ணன்.

இரண்டாவது, 1912. அதே பெரியப்பா, தேர்தல் பிரசாரத்துக்காக மில்வாக்கி நகருக்குப் போனபோது நெஞ்சில் சுடப்பட்டார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த பேச்சுத் தாள்களும், கண்ணாடிக் கூடும் குண்டின் வேகத்தைக் குறைத்ததால் பிழைத்தார். குண்டு உடம்புக்குள் இருக்கும்போதே ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார்.

மூன்றாவது, 1933 பிப்ரவரி 15. அதிபராகப் பதவியேற்க மூன்று வாரம்கூட இல்லாத நிலையில், மியாமி பூங்காவில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்து ஜுசெப்பே சங்காரா என்பவன் சுட்டான். அடகுக் கடையில் எட்டு டாலருக்கு வாங்கிய .32 ரிவால்வர் அது. பிராங்க்ளினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அருகில் இருந்த சிகாகோ மேயர் செர்மாக் குண்டடிபட்டு, மார்ச் 6ஆம் தேதி உயிரிழந்தார்.

மேஜை மேல் வைக்கப்பட்ட துப்பாக்கி

மார்ச் 4ஆம் தேதி பிராங்க்ளின் பதவியேற்றார். மியாமி சம்பவம் நடந்து சில வாரங்களே ஆன நிலையில், பாதுகாப்புத் துறை பதற்றத்தில் இருந்தது. எலினாரோ தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த மே மாதமே ஒரு சம்பவம். முதல் உலகப் போரில் பங்கேற்ற முன்னாள் வீரர்கள், தங்களுக்குச் சேர வேண்டிய போனஸ் தொகை கேட்டு வாஷிங்டன் அருகே முகாமிட்டிருந்தார்கள். முந்தைய ஆண்டு இதே கோரிக்கையோடு வந்தவர்களை அப்போதைய அரசு ராணுவத்தை வைத்து விரட்டியது. எலினார் அந்த முகாமுக்குப் பாதுகாவலர் இல்லாமல் போனார். கணவரின் ஆலோசகர் லூயிஸ் ஹோவ் காரிலேயே உட்கார்ந்துவிட, இவர் மட்டும் சேற்றில் இறங்கி நடந்து, வீரர்களோடு பேசி, பாட்டும் பாடிவிட்டு வந்தார்.

ஒரு கட்டத்தில் பாதுகாப்புத் துறையின் தலைவர் லூயிஸ் ஹோவ் அறைக்குள் வந்து, மேஜை மேல் ஒரு ரிவால்வரை வைத்தார். அம்மையார் எங்களைக் கூட வர விடமாட்டார் என்றால், இதையாவது எடுத்துக்கொண்டு போகட்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். இந்தச் சம்பவத்தை எலினாரே பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

சின்ன ரிவால்வர்... சுடுவது ஈஸியா?

கைக்கு அடக்கமான, எடை குறைந்த ரிவால்வர் என்றால் சுடுவதும் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர்.

குண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். கனமான துப்பாக்கி அந்த உதையில் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். லேசான துப்பாக்கியில் அது அப்படியே கைக்கு வரும். குழல் குட்டையாக இருந்தால், குறி பார்க்க உதவும் முன் முனைக்கும் பின் முனைக்கும் இடைவெளி குறைவு. அதனால் கையில் ஒரு நூல் பிசகினாலும் குண்டு எங்கேயோ போகும். விசையை அழுத்தும் ஒரே இழுப்பில் குண்டுகள் இருக்கும் உருளை சுழன்று, சுத்தியல் பின்னால் போய் அடிக்க வேண்டும் என்பதால் விசையும் கடினமாக இருக்கும். அந்த அழுத்தத்திலேயே கை ஆடிவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், கைப்பையில் வைத்துக்கொள்ள வசதியான துப்பாக்கிதான், பழகாத கையில் அதிகம் தவறும். கூட்டத்துக்கு நடுவே அது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மியாமியே சாட்சி.

எலினார் எடுத்த முடிவு

ரிவால்வரை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கொடுத்த வாக்குக்காகப் பயணங்களில் அதைக் கூடவே எடுத்துப் போனார். வைத்திருப்பது என்று ஆன பிறகு, கையாளத் தெரியாமல் வைத்திருப்பது தப்பு என்று நினைத்தார்.

கணவர் ஆளுநராக இருந்த காலத்தில் மெய்க்காவலராக இருந்த எர்ல் மில்லர், நியூயார்க் மாகாணப் போலீஸ்காரர், குடும்ப நண்பரும்கூட. அவரிடம் அந்தக் கோடையில் பயிற்சி எடுத்தார். உடனே வந்துவிடவில்லை. நிறைய முயற்சிக்குப் பிறகுதான் இலக்கில் குண்டு பட ஆரம்பித்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் தெளிவாக இருந்தார். ஒரு மனிதர் மீது அதை ஒருபோதும் பயன்படுத்தியிருக்க மாட்டேன் என்று பின்னாளில் எழுதினார். அப்படியானால் எதற்கு எடுத்துப் போனார்? தனியாகப் பயணம் செய்யும் சுதந்திரத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

சட்டம் என்ன சொன்னது?

1934ல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அரசு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கைத்துப்பாக்கிகளையும் அதில் சேர்க்கத்தான் முதலில் திட்டம். கடும் எதிர்ப்பால் அந்தப் பகுதி நீக்கப்பட்டு, இயந்திரத் துப்பாக்கி, குழல் குறைக்கப்பட்ட வேட்டைத் துப்பாக்கி போன்றவற்றுக்கு 200 டாலர் வரி என்பதோடு சட்டம் நின்றது.

நியூயார்க்கில் மட்டும் 1911 முதலே நிலைமை வேறு. மறைத்து வைக்கக்கூடிய துப்பாக்கிக்கு அங்கே உரிமம் கட்டாயம். அதிபரின் மனைவியாக இருந்தவர் என்பதற்காக எலினாருக்கும் அதில் விலக்கு இல்லை. 1957ல் அவர் பெயரில் இருந்த கைத்துப்பாக்கி உரிமம், ஹைட் பார்க்கில் உள்ள ரூஸ்வெல்ட் நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

எழுபது வயதைத் தாண்டியும்...

1945ல் கணவர் இறந்த பிறகு எலினார் வீட்டில் உட்காரவில்லை. ஐ.நா. மனித உரிமை ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். 1948 டிசம்பர் 10ல் உலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியதில் அவர் பங்கு பெரிது. நாம் மனித உரிமைகள் தினம் கடைப்பிடிப்பது அந்த நாளில்தான்.

கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கேட்டதால் எதிரிகளும் பெருகினார்கள். 1958ல் டென்னசியில் இருந்த ஹைலேண்டர் பள்ளிக்கு அவர் பேசப் போக வேண்டியிருந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து உட்கார்ந்து பயிற்சி பெற்ற இடம் அது. அவர் தலைக்கு கூ க்ளக்ஸ் க்ளான் கும்பல் 25,000 டாலர் விலை வைத்திருப்பதாகவும், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்றும் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. அவர் போனார், பேசினார், திரும்பி வந்தார்.

1962 நவம்பர் 7ஆம் தேதி, 78 வயதில் நியூயார்க்கில் எலினார் காலமானார். துப்பாக்கி, சண்டை எதுவும் இல்லாமல் நோயால் நேர்ந்த மரணம். மூன்று ரிவால்வர்கள் புரட்டிப்போட்ட குடும்பத்தில், நான்காவது ரிவால்வர் யார் மீதும் சுடப்படாமலேயே இருந்தது.