ஆணைக்குக் காத்திராத குடல்

பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். போர்க்கால உணவுப் பங்கீட்டின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோதுதான் உடலியல் அறிஞர் எர்னெஸ்ட் ஸ்டார்லிங்கை அறிந்துகொண்டேன்.

அவர் 1866-இல் லண்டனில் பிறந்தவர். தந்தை பம்பாயில் சட்டப் பணியில் இருந்ததால், பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு பெரிதும் தாயின் மீதே விழுந்தது. மருத்துவம் பயின்ற ஸ்டார்லிங், நோயாளியின் படுக்கையருகே நிற்பதைவிட ஆய்வுக்கூடத்தையே விரும்பினார்.

1899-இல் மைத்துனர் வில்லியம் பேலிஸுடன் இணைந்து, மயக்கமூட்டிய நாய்களின் சிறுகுடலை ஆராய்ந்தார். வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளை அறுத்த பின்னரும், உள்ளே ஓரிடத்தைத் தூண்டினால் அதன் மேற்பகுதி சுருங்கியது, கீழ்ப்பகுதி தளர்ந்தது. உள்ளடக்கம் முன்னே நகர்ந்தது. மூளையின் ஆணைக்குக் குடல் காத்திருக்கவில்லை. மறு ஆண்டு பெருங்குடலையும் இருவரும் ஆராய்ந்தனர்.

அந்த ஒழுங்கின் வேதியியலைப் பின்வந்தோர் விளக்கினர். சக்கை குடற்சுவரை அழுத்துகையில், உட்சுவரின் செல்கள் செரட்டோனினை வெளியிட்டுச் சுவருக்குள் உள்ள நரம்புகளைத் தூண்டுகின்றன. மேற்புறத்தில் சுரக்கும் அசிட்டைல்கோலின், தசைச் செல்லுக்குள் கால்சியத்தைப் பெருக்கிச் சுருங்கச் செய்கிறது. கீழ்ப்புறத்தில் நைட்ரிக் ஆக்சைடு தசையைத் தளர்த்தி வழிவிடுகிறது. இவ்விரண்டின் இசைவு குலைந்தால் மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ நேரலாம்.

1902-இல் இருவரும் செக்ரிட்டினைக் கண்டறிந்தனர். நரம்பின் துணையின்றி, இரத்தத்தின் வழியே சென்று கணையத்தைச் சுரக்கவைக்கும் பொருள் அது. இத்தகைய தூதுப் பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905-இல் வழங்கியவர் ஸ்டார்லிங்கே. ஆயினும் நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை.

என் துறை அவரைச் சந்திப்பது முதல் உலகப் போரில்தான். பிரிட்டனில் உணவுத் தட்டுப்பாடு முற்றியபோது, ராயல் சொசைட்டியின் உணவுக் குழுவில் அவர் முன்னின்று பணியாற்றினார். சுரங்கத் தொழிலாளிக்கும் எழுத்தருக்கும் ஒரே பசியன்று. ஆகவே ரொட்டிக்கு மட்டும் அளவு வகுக்கக் கூடாதென அறிவியலாளர்கள் வாதிட்டனர். 1918-இல் சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் பங்கீடு வந்தது. ரொட்டி இறுதிவரை பங்கீட்டுக்கு உட்படவில்லை.

உணவு இருப்பை உறுதிசெய்வது அரசின் கடமை. ஒவ்வொரு வயிற்றின் தேவையையும் தலைநகரிலிருந்தே அளந்துவிடலாம் என்று எண்ணுவது அறியாமை. உறுப்புகள் தத்தம் தேவையை அங்கங்கே உணர்ந்து இயங்குவதைக் கண்ணாரக் கண்ட ஒருவர் அந்த வாதத்தின் பக்கம் நின்றதில் எனக்கு வியப்பில்லை. திட்டம் தீட்டுவோர் இன்றும் மறக்கக் கூடாத பாடம் இது.

1920-இல் ஸ்டார்லிங்கின் பெருங்குடலிலேயே புற்றுநோய் கண்டது. அறுவை சிகிச்சைக்குப் பின்னரும் ஆய்வைத் தொடர்ந்த அவர், 1927-இல் ஜமைக்காவை நோக்கிய கடற்பயணத்தின்போது காலமானார்.