சந்தியில் நிற்கும் பெயர்

ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் ஊர்வரலாற்றை வீதிகளே சுமக்கின்றன. பலாலி வீதியிற் செல்வோர் திருநெல்வேலியிற் பரமேசுவராச் சந்தியைக் கடக்கின்றனர். அப்பெயருக்குரிய கல்லூரி இன்று இல்லை. 1921-இல் அதனை நிறுவியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன்.

1851-இல் கொழும்பிற் பிறந்த அப்பெருமகனார் வழக்கறிஞராயும் சட்டநிரூபண சபை உறுப்பினராயும் விளங்கினார். 1915-ஆம் ஆண்டுக் கலவரத்தையொட்டி இராணுவச் சட்டத்தாற் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக வாதாட, போர்க்காலக் கடலையும் பொருட்படுத்தாது இங்கிலாந்து சென்றார். மீண்டுவந்தபோது அவர் வண்டியைச் சிங்களப் பெருமக்கள் தம் கைகளால் இழுத்துச் சென்றனர். இக்காலத்து இளைஞர்க்கு இது கதைபோலத் தோன்றும்; ஆயினும் நடந்ததே.

கல்விப்பணியில் அவர் முந்தியது பெண்களுக்காகவே. மருதனார்மடத்தில் இராமநாதன் மகளிர் கல்லூரி 1913-இல் எழுந்தது. ஆண்களுக்குரிய பரமேசுவரா அதற்கு எட்டாண்டு பிந்தியது. அத்தகையவர் டொனமூர் ஆணைக்குழுவின் காலத்திற் பெண்களின் வாக்குரிமையை எதிர்த்து நின்றார். இம்முரணை யான் மாணவர்க்கு மறைப்பதில்லை. 1930-இல் அவர் மறைய, அடுத்த ஆண்டிலேயே இலங்கைப் பெண்கள் வாக்களித்தனர்.

பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்தில் 1974-இல் பல்கலைக்கழக வளாகம் தோன்றியது. இன்று அங்கே பயிலும் மகளிர் பலர். பரமேசுவரன் கோயில் அவ்வளாகத்துள்ளேயே இருக்கின்றது. அவர்கள் நாளும் நடக்கும் வீதியின் பெயர் இராமநாதன் வீதி.