செடிகளை ஒப்பிட்டு உண்மை கண்ட ஜானகி அம்மாள்

முக்கூடலில் தாமிரபரணிக் கரையோரம் வெண்கதிர் அசைய நிற்கும் நாணலை நாம் அனைவரும் அறிவோம். கரும்புக்குத் தரும் மதிப்பை அதற்கு நாம் தருவதில்லை. ஆயினும் இரண்டும் நெருங்கிய உறவின. அந்த உறவை உயிரணுவுக்குள்ளே தேடிய பெண்மணி ஜானகி அம்மாள்.

அவர் 1897 நவம்பர் 4-ஆம் நாள் தலைச்சேரியில் பெரிய குடும்பமொன்றில் பிறந்தார். அங்குள்ள திருஇருதயக் கன்னியர் மடப் பள்ளியில் பயின்று, சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் மேற்படிப்பு கற்றார். பெண்ணுக்குத் திருமணமே வழி என்றிருந்த காலம் அது. அவரோ மணம் புரியாமல், உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, 1931-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934-இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். இனிப்பு மிக்க கரும்பையும் வலிமை மிக்க நாணலையும் கலந்து புதிய வகைகளை அங்கே முன்னரே உருவாக்கியிருந்தனர். அக்கலப்பின் உள்விவரத்தை அறிய அம்மையார் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து குரோமோசோம்களை எண்ணினார். இனிப்புக் கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள் உள்ளன. நாணலிலோ அது இடத்துக்கு இடம் மாறும். 40 முதல் 128 வரை இருப்பதாக இன்று அறிகிறோம். வெளியே ஒன்றுபோல் தோன்றுபவை உள்ளே வேறுபடலாம். வேறாகத் தோன்றுபவை உறவாயிருக்கலாம். அருகருகே வைத்து ஒப்பிட்டாலன்றி இது விளங்காது. கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட அவர் கலந்து காட்டினார்.

1939-இல் மாநாட்டுக்காக எடின்பரோ சென்றபோது உலகப்போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கி, குண்டுவீச்சுக்கிடையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து, டார்லிங்டன் என்ற அறிஞருடன் 1945-இல் பெருநூல் வெளியிட்டார். பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்க உழைத்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டத் திட்டமிட்டபோது எதிர்த்துக் குரல் கொடுத்தார். காடு மூழ்கினால் ஆராய்வதற்கே செடிகள் இராவே! 1984 பிப்ரவரி 7 அன்று, மதுரவாயலிலிருந்த ஆய்வுக்கூடத்தில் பணியிலிருந்தபோதே இயற்கை எய்தினார். அவர் காக்க விழைந்த காடு அதே ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மாணவியரே, எதையும் களை என்று ஒதுக்குமுன், அதன் உறவு யாது என்று கேட்கக் கற்போம்.