மீன் தொட்டித் தண்ணியை முழுசா மாத்துறீங்களா? `அக்வேரியம்' காஸ் கதையைக் கொஞ்சம் கேளுங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை. மீன்களை ஒரு பக்கெட்ல பிடிச்சுப் போட்டாச்சு. தொட்டியைத் தூக்கி பாத்ரூம்ல வெச்சு, கல்லையெல்லாம் குழாய்த் தண்ணியில அலசி, ஃபில்டர் ஸ்பான்ஜை பளிச்னு பிழிஞ்சு, புதுத் தண்ணி நிரப்பி வெச்சாச்சு. தொட்டி கண்ணாடி மாதிரி மின்னுது. ஆனா, ரெண்டே நாள்ல மீன் மிதக்குது. `இவ்ளோ சுத்தமா வெச்சும் ஏன் செத்துப்போச்சு?'

இந்தக் கேள்விக்கான பாதி பதில், 170 வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல வாழ்ந்த ஒரு மனிதரின் கதையில இருக்கு. `அக்வேரியம்' என்ற சொல்லை இன்றைய அர்த்தத்தில் உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் அவர். வீட்டுக்குள்ள கடலைக் கொண்டுவரலாம்னு சொல்லிக்கொடுத்தவர். கடைசியில், அதை நினைச்சே வருத்தப்பட்டவரும் அவர்தான். பெயர், பிலிப் ஹென்றி காஸ்.

கணக்குப்பிள்ளை வேலை, பூச்சி மேல ஆசை

1810 ஏப்ரல் 6. இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்தில் பிறந்தார் காஸ். அப்பா ஊர் ஊராகப் போய் சின்னச் சின்ன உருவப்படங்கள் வரைந்து கொடுக்கும் ஓவியர். வருமானம் நிரந்தரமில்லை. குடும்பம் பூல் என்ற துறைமுக ஊரில் குடியேறியது. கடற்கரைப் பாறைக் குட்டைகள்தான் சிறுவன் காஸுக்கு விளையாட்டு மைதானம்.

17 வயதில் அட்லான்டிக் கடலைத் தாண்டி, நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தர் வேலைக்குப் போனார். கணக்குப் புத்தகம் எழுதுறதுதான் வேலை. மனசு முழுக்கப் பூச்சிகள் மேல. நுண்ணோக்கி பற்றிய ஒரு பழைய புத்தகம் கைக்குக் கிடைக்க, வாழ்க்கையே திசை மாறியது. அங்கிருந்து கனடாவில் விவசாயம் பண்ணிப் பார்த்தார், தோற்றார். அமெரிக்காவின் அலபாமாவில் சில மாதங்கள் வாத்தியார் வேலை பார்த்தார். அங்கே கண்ட அடிமை முறையைச் சகிக்க முடியாமல் 1839-ல் ஊர் திரும்பினார். கையில் காசு இல்லை, ஆனா நோட்டு நிறைய குறிப்புகளும் ஓவியங்களும் இருந்தன. அவை புத்தகங்களாயின. பிறகு ஜமைக்காவில் ஒன்றரை வருஷம் தங்கி, பறவைகளை ஆராய்ந்தார்.

1848-ல் எமிலியைத் திருமணம் செய்துகொண்டார். எமிலியும் எழுத்தாளர். இருவருமே ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர்கள். அடுத்த வருஷம் மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைக்கு டைரியில் காஸ் ரெண்டு செய்திகளை ஒரே வேகத்தில் எழுதி வைத்தார். ஒன்று, மகன் பிறந்தது. இன்னொன்று, ஜமைக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் குருவி வந்து சேர்ந்தது. மனுஷன் அப்படித்தான்!

தண்ணியை யார் மாத்துறது?

அன்றைக்கு மீன் வளர்ப்புன்னா, கண்ணாடிக் குடுவையில் ரெண்டு தங்க மீன். தண்ணி கலங்கினா கொட்டிட்டு வேற ஊத்தணும். அதுவாவது பரவாயில்லை. கடல் உயிர்களை வளர்க்கணும்னா? லண்டன்ல கடலுக்கு எங்கே போறது?

1846-ல் அன்னா தைன் என்ற பெண்மணி, டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டனிலுள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அடிக்கடி கடல் நீரை மாற்ற வழியில்லை. அதனால், திறந்த ஜன்னல் முன்னாடி நின்று, இருக்கிற தண்ணியையே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு டீ ஆத்துற மாதிரி ஆத்த வைத்தார். அரை மணி, முக்கால் மணி நேரம்! ஆத்தியது வீட்டுப் பணிப்பெண். தண்ணிக்குள் காற்று கலக்கணும், அதுதான் நோக்கம். இன்றைக்கு நம்ம தொட்டியில புளுபுளுன்னு ஓடும் ஏர் பம்ப் செய்ற வேலையை, அன்று அந்தப் பெண்ணின் கைகள் செய்தன.

அதே காலகட்டத்தில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் வேறொரு வழியைச் சோதித்தார். ஒரு தொட்டியில் ரெண்டு தங்க மீன், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி. கொஞ்ச நாளில் அழுகிய இலைகள் தண்ணியைக் கெடுத்தன. உடனே நத்தைகளை விட்டார். அழுகியதை நத்தை தின்றது, செடி ஆக்சிஜன் கொடுத்தது, மீன் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடை செடி எடுத்துக்கொண்டது. அடிக்கடி தண்ணி மாத்தாமலேயே தொட்டி நிலைத்தது. 1850-ல் இதை அவர் வெளியிட்டார்.

காஸ் இதே யோசனையைக் கடல் நீரில் செய்துபார்க்க ஆரம்பித்தார். 1852-ல் உடல்நலம் கெட்டு, ஓய்வுக்காக டெவன் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போனார். ஓய்வா எடுத்தார்? கடல் உள்வாங்கும் நேரத்துக்காகக் காத்திருந்து, உளியும் சுத்தியலுமாகப் பாறைகளுக்கு நடுவே இறங்கினார். கடல் சாமந்திகளையும் நண்டுகளையும் புழுக்களையும் ஜாடியில் கொண்டுவந்தார். எந்தப் பாசியைச் சேர்த்தா தண்ணி கெடாமல் இருக்கும்னு ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிவப்புப் பாசிகள் அழகு, ஆனா சீக்கிரம் அழுகின. இலை மாதிரி விரியும் பச்சைப் பாசிதான் நின்று உழைத்தது.

கடல் பக்கத்தில் இல்லாதவங்களுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. இந்த நாலையும் சரியான அளவில் நல்ல தண்ணியில் கரைத்து, செயற்கைக் கடல் நீர் தயாரித்துக் காட்டினார். இன்றைக்குக் கடையில பாக்கெட்டாகக் கிடைக்கும் மரைன் சால்ட்டின் முன்னோடி அதுதான்.

ஊரே தொட்டி வாங்கியது

1853-ல் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது. அதுக்கான கடல் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் காஸ். அடுத்த வருஷம் `தி அக்வேரியம்' என்ற அவருடைய புத்தகம் வந்தது. படங்களையும் அவரே வரைந்திருந்தார். வாயில் நுழையாத `அக்வா விவேரியம்' போன்ற பெயர்கள் ஓரம்போய், `அக்வேரியம்' நிலைத்தது.

நேரமும் அவருக்குச் சாதகம். 1845-லேயே பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டு, கண்ணாடி மலிவாகியிருந்தது. ரயில் வந்துவிட்டதால் கடற்கரைக்குப் போறது சுலபம். கடல் உயிர்களும் பீப்பாயில் கடல் நீரும் ரயிலேறி லண்டனுக்கு வந்தன. வரவேற்பறையில் தொட்டி இருந்தாத்தான் கௌரவம் என்ற நிலை. காஸ் கடற்கரையிலேயே வகுப்புகளும் எடுத்தார். 1856-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். கணக்குப் பிள்ளையாகத் தொடங்கியவருக்கு அது பெரிய உயரம்.

காஸுக்குத் தெரியாமல் போன ஒன்று

செடி வெச்சா காற்றுப் பிரச்னை தீரும். சரி. ஆனா மீனின் கழிவு என்ன ஆகுது? இந்த விடை அன்று யாருக்கும் தெரியாது.

மீன் வெளியிடும் கழிவில் அம்மோனியா இருக்கு. அது மீனுக்கே விஷம். கல்லிலும் ஃபில்டர் ஸ்பான்ஜிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாத்துது. நைட்ரேட்டின் கெடுதல் ஒப்பீட்டில் ரொம்பக் குறைவு. இது ரெண்டு படிகளில், வேற வேற நுண்ணுயிர்களால் நடக்குதுன்னு பின்னாளில் காட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? தங்க மீன் தொட்டி வைத்த அதே வாரிங்டனின் மகன்! அப்பா பெயர்தான் மகனுக்கும். அவர் ஆராய்ந்தது மீன் தொட்டியை இல்லை, வயல் மண்ணை. ஆனா அப்பாவின் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்ததும் அதேதான்.

இப்போ அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்க. கல்லை அலசி, ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணியில பிழிஞ்சப்போ அந்த பாக்டீரியா படையையே அழிச்சுட்டோம். கண்ணுக்கு சுத்தம், மீனுக்கு ஆபத்து.

அப்போ சுலபமா மாத்துறது எப்படி?

காஸின் பாடம் இதுதான்: தண்ணியை உயிரோட வைங்க. முழுசா மாத்தினா அது செத்துப்போகும். மாத்தாமலே விட்டா நைட்ரேட் சேரும். கொஞ்சம் கொஞ்சமா, தவறாமல் மாத்தணும்.

* வாரத்துக்கு ஒரு தடவை, தொட்டித் தண்ணியில் கால் பங்கு போதும். கண்ணாடியில் அந்த அளவுக்கு ஒரு டேப் ஒட்டிடுங்க. ஒவ்வொரு வாரமும் கணக்குப் போட வேண்டாம்.

* தொட்டியைத் தூக்கவே வேண்டாம். ரெண்டு மீட்டர் டியூப் போதும். டியூப் முழுக்க தண்ணி நிரப்பி, ரெண்டு முனையையும் விரலால் மூடுங்க. ஒரு முனை தொட்டிக்குள்ள, இன்னொன்று கீழே வெச்ச பக்கெட்ல. விரலை எடுத்தா தண்ணி தானா இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டாம், ப்ளீஸ்.

* அதுக்கு முன்னாடி ஹீட்டர், ஃபில்டர் ஸ்விட்சை ஆஃப் பண்ணிடுங்க.

* டியூப் முனையைக் கல் மேல மெதுவா நகர்த்துங்க. அடியில் தங்கின கழிவும் சேர்ந்து வந்துடும்.

* ஸ்பான்ஜ் ரொம்ப அடைச்சிருந்தா, பக்கெட்ல எடுத்த அந்தப் பழைய தண்ணியிலேயே லேசா அலசுங்க.

* புதுத் தண்ணியை முதல் நாளே பிடிச்சு வைங்க. வெப்பநிலை ஒத்துவரும். குளோரினுக்குக் கடையில கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்தை, பாட்டிலில் சொன்ன அளவில் விடுங்க. வெறும் ஒரு நாள் வெச்சா குளோரின் போகலாம், ஆனா குளோரமைன் போகாது.

* பக்கெட்டைத் தொட்டியைவிட உயரமான ஸ்டூல்ல வெச்சு, அதே டியூப்ல இறக்குங்க. தண்ணி ஒரு சின்ன தட்டு மேல விழட்டும், கல் கலையாது.

* ஆவியாகிக் குறைஞ்ச தண்ணியை நிரப்புறது, தண்ணி மாத்துறது ஆகாது. ஆவியாகுறது தண்ணி மட்டும்தான். கழிவு உள்ளேயே இருக்கும்.

* எடுத்த பழைய நன்னீரை ரோஜாச் செடிக்கு ஊத்துங்க. நைட்ரேட் செடிக்கு உரம்!

அரை மணி நேரம், அவ்ளோதான் வேலை.

வெறுமையான பாறைக் குட்டைகள்

காஸின் கதைக்குத் திரும்புவோம். புகழின் உச்சியில் இருந்தபோதே இடி விழுந்தது. எமிலிக்கு மார்பகப் புற்றுநோய். வலி மிகுந்த சிகிச்சைகளுக்குப் பிறகு 1857 பிப்ரவரியில் இறந்தார். எட்மண்டுக்கு அப்போது ஏழு வயது.

அதே வருஷம் காஸ், தன் மத நம்பிக்கையையும் பூமியின் வயதையும் இணைக்கப் பார்த்து `ஓம்ஃபலோஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். பூமி படைக்கப்பட்டபோதே, பழசாகத் தெரியும்படி புதைபடிவங்களோடு படைக்கப்பட்டது என்பது அவர் வாதம். விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை, பக்தர்களும் ஏற்கவில்லை. புத்தகம் விற்கவும் இல்லை. மனம் நொந்தவர், மகனோடு டெவனில் செயின்ட் மேரிசர்ச் என்ற ஊரில் குடியேறி, மறுபடி கடல் சாமந்திகளிடம் போனார். பிரிட்டனின் கடல் சாமந்திகள் பற்றி அவர் எழுதிய பெரிய நூல், அந்தத் துக்கத்துக்கு நடுவே உருவானதுதான்.

ஆனா அந்தக் கரை பழைய மாதிரி இல்லை. அவர் புத்தகங்களைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, உளியும் கூடையுமாகப் பாறைக் குட்டைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பல நூறு வருஷமாக யாரும் தொடாமல் இருந்த குட்டைகள் சில வருஷங்களில் காலியாயின. கொண்டுபோன உயிர்களில் பலவும் தொட்டியில் நிலைக்கவில்லை. தான் நேசித்த இடம் தன் எழுத்தாலேயே அழிந்தது காஸுக்குப் புரிந்தது, அது அவரை மிகவும் வருத்தியது. பின்னாளில் பெரிய எழுத்தாளரான எட்மண்ட், அப்பாவைப் பற்றி 1907-ல் எழுதிய `ஃபாதர் அண்ட் சன்' நூலில் இந்த வேதனையைப் பதிவு செய்திருக்கிறார்.

1860-ல் எலைசா என்பவரை மறுமணம் செய்துகொண்டார் காஸ். கடைசி வருஷங்களில் ஆர்க்கிட் செடிகளும் டெலஸ்கோப்பும் துணை. 1888 ஆகஸ்ட் 23-ல், 78 வயதில் மறைந்தார்.

நம்ம ஏரிக்கும் இதே கதை வேண்டாமே!

காஸின் காலத்தில் ஆர்வலர்கள் கடலைக் காலி பண்ணினார்கள். நாம தலைகீழாப் பண்றோம். `டேங்க் கிளீனர்'னு சொல்லி விரல் நீளத்தில் வாங்குற சக்கர் மீன், நல்லா வளர்ந்தா ஓர் அடிக்கும் மேல போகும். தொட்டி பத்தலைன்னதும், பாவம் பொழைச்சுப் போகட்டும்னு பக்கத்து ஏரியில விட்டுடுறோம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் இன்றைக்குத் தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகி, நம்ம ஊர் மீன்களோட இரைக்கும் இடத்துக்கும் போட்டி போடுது. அதன் முள்ளில் மீனவர்களின் வலை கிழியுது.

வளர்க்க முடியலைன்னா கடைக்கே திருப்பிக் கொடுங்க, இல்லைன்னா வளர்க்கிற நண்பருக்குக் கொடுங்க. ஏரியில மட்டும் விடாதீங்க.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டியூபை எடுக்கும்போது காஸை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. கால் பங்கு தண்ணியை மட்டும் மாத்துங்க, மிச்சத்தைத் தொடாதீங்க. கரைக்குப் போனவங்களும் குட்டையில கொஞ்சம் மிச்சம் வெச்சிருந்தா, அவர் அவ்வளவு வருந்தியிருக்க மாட்டார்.