அச்சுக்கூடம் ஆண்ட அம்மையார்

ஆடவர் ஒருவர் அரசியலில் இறங்கினால், அவர் கொள்கை என்ன என்று செய்தித்தாள் கேட்கிறது. பெண் ஒருவர் இறங்கினாலோ, கொள்கையைக் கேட்பதற்கு முன் குடும்பத்தைக் கேட்கிறது. இந்த வேற்றுமையைத் தம் வாழ்விலேயே பட்டறிந்து, அதற்கு ஒரு விடையும் கண்டவர் அன்னி பெசண்டு அம்மையார்.

கல்கத்தாவில் பயிலும் தமிழ் மாணவராகிய நாம் அவரை நினைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. நான் தங்கியிருக்கும் கிடர்பூரில் ஒரு காலத்தில் வாழ்ந்த வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர், 1848இல் சென்னை சேர்ந்து அங்கே பத்திரிகைப் பணியாற்றினார். ஏறத்தாழ எழுபதாண்டு கழித்து, சென்னையிலே பத்திரிகை நடத்திய ஒரு பெண்மணி இந்நகருக்கு வந்தார். 1917 டிசம்பரில் இங்கே கூடிய காங்கிரசு மகாசபைக்குத் தலைமை தாங்கினார். அப்பதவியை ஏற்ற முதற் பெண் அவரே.

1847இல் இலண்டனில் பிறந்த அவர், இருபது வயதில் ஒரு பாதிரியாரை மணந்தார். மனம் ஒவ்வாமல் 1873இல் பிரிந்தார். மறு ஆண்டே சார்லசு பிராட்லா நடத்திய 'நேஷனல் ரிபார்மர்' இதழில் எழுதத் தொடங்கினார். எழுதுகோலே அவருக்குச் சோறு போட்டது.

1877இல் இருவரும் சேர்ந்து குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு நூலை மறுபதிப்புச் செய்தனர். ஒரே நூல், ஒரே வழக்கு, ஒரே தண்டனை. மேல்முறையீட்டில் அத்தண்டனை நீங்கியது. ஆனால் விளைவு ஒன்றா? பிராட்லா 1880இல் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உறுதிமொழிச் சிக்கலால் 1886 வரை அவர் போராட நேர்ந்தது மெய்யே. எனினும், நல்ல தந்தையா என்று அவரை எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. அம்மையாரிடமிருந்தோ 1878இல் மகள் மேபலையே பிரித்துவிட்டார்கள். நாத்திகம் பேசியதும் அந்நூலை வெளியிட்டதும் அதற்குக் காரணங்களாயின. ஆணின் கருத்து கருத்தாகவே நின்றது. பெண்ணின் கருத்து அவள் ஒழுக்கத்தை அளக்கும் கோலாயிற்று!

மனமுடைந்து மூலையில் முடங்கினாரா? இல்லை. 1888இல் 'தி லிங்க்' என்னும் தம் ஏட்டில், கிழக்கு இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் கூலிக்குறைவையும், அவர்களிடம் பிடுங்கிய அபராதங்களையும் வெளியிட்டார். சில நாளில் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்து வெற்றியும் பெற்றனர். கிடர்பூரைப் போலவே கப்பல் துறையும் கூலி வாழ்வும் கலந்த பகுதி அது. பெரிய ஏடுகள் கேளாத கேள்வியை ஒரு சிற்றேடு கேட்டது.

1893இல் இந்தியா வந்தார். 1914இல் 'காமன்வீல்' வார இதழைத் தொடங்கினார். 'மெட்ராஸ் ஸ்டாண்டர்டு' நாளேட்டை விலைக்கு வாங்கி 'நியூ இந்தியா' எனப் பெயர் மாற்றினார். அவரை எதிர்த்தவரும் பலர். நம் பாரதியார் 'பொன்வால் நரி' என்று ஆங்கிலத்தில் அங்கதமே எழுதினார். அம்மையாருக்கோ மறுமொழி கூறத் தமக்கென ஓர் ஏடு இருந்தது.

அரசும் அதனை அறிந்தது. 1916இல் பத்திரிகைச் சட்டப்படி 2,000 ரூபாய் ஈடு கேட்டது. அதைப் பறிமுதல் செய்து 10,000 ரூபாய் கேட்டது. ஏடு நிற்கவில்லை. அவ்வாண்டே சுயாட்சிச் சங்கம் பிறந்தது. 1917 ஜூனில் அவரை உதகையில் காவலில் வைத்தனர். நாடு கொதித்தது. சர். எஸ். சுப்பிரமணிய அய்யர் அமெரிக்கத் தலைவர் வில்சனுக்கே கடிதம் எழுதினார். செப்டம்பரில் விடுதலை, டிசம்பரில் கல்கத்தாவில் தலைமை!

திலகருக்குக் 'கேசரி' படைக்கலம். பெசண்டு அம்மையாருக்கு ஏடு படைக்கலம் மட்டுமன்று, கவசமும் ஆகும். பிறர் தம்மைப் பற்றி எழுதுவதற்கு முன் தாமே எழுதிவிட அது உதவியது.

ஆனால் சொந்த ஏடு பிழையிலிருந்து காப்பதில்லை. 1919இல் ரௌலட் சட்டக் கிளர்ச்சியின்போது, கல்லெறியும் கூட்டத்தை அரசு சுடுவதற்கு நியாயம் கற்பிப்பதுபோல் எழுதினார். பின்னர் ஒத்துழையாமையையும் எதிர்த்தார். முன்பு போற்றியவரே தூற்றினர். இம்முறை மக்கள் எதிர்த்தது அவர் கருத்தை, அது முறையே. 1933இல் அடையாற்றில் மறைந்தார்.

நண்பர்களே, நாமும் ஓர் இதழ் நடத்துகிறோம். மாணவர் மன்றத் தேர்தலில் ஒரு தங்கை நின்றால் அவளிடம் நம் முதற் கேள்வி எதுவாக இருக்கும்? எதிரே நிற்கும் தம்பியிடம் கேட்கத் தயங்கும் எதையும் அவளிடம் கேளாதிருப்போம். கொள்கையில் குறை கண்டால் இருவரையும் ஒரே கோலால் அளந்து கண்டிப்போம். ஏடில்லாத பெண்ணுக்கும் நீதி கிடைக்க அதுவே வழி.