அமீலியா ஏர்ஹார்ட் அம்மையார்

விமானம் செலுத்துவோர்க்கு அஞ்சாமையோடு, ஆபத்துக் காலத்தில் எதைக் கைவிடுவதென்று துணியும் அறிவும் இன்றியமையாதது. இவ்விரண்டும் வாய்ந்த அமீலியா ஏர்ஹார்ட் அம்மையாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

இவர் 1897-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள், அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்து அச்சிஸன் நகரில் பிறந்தார். 1928-இல் அட்லாண்டிக் சமுத்திரத்தை விமானத்திற் கடந்த முதற் பெண்மணியெனப் புகழெய்தினார். எனினும் அவ்விமானத்தை ஓட்டியவர் பிறரே. தாம் வெறும் பிரயாணியாய் இருந்து பெற்ற புகழ் அவருக்கு உவப்பளிக்கவில்லை.

ஆதலின் 1932 மே 20-ஆம் நாள் மாலை, நியூபவுண்டுலாந்தின் ஹார்பர் கிரேஸினின்று, ஒற்றை இயந்திரமுள்ள லாக்ஹீட் வேகா விமானத்தில் தன்னந்தனியே பாரிஸை நோக்கிப் புறப்பட்டார். இரவில் உயரங்காட்டுங் கருவி பழுதாயிற்று. பின்னர் இயந்திரத்தின் புகைபோக்குங் குழாய் பிளந்து, அவ்வழியே தீச்சுவாலை வெளிப்பட்டது. திரும்புவதாயின், நிறைந்த பெட்ரோல் பாரத்தோடு இருளில் இறங்கவேண்டும். ஆகவே முன்னேறவே துணிந்தார். உயரே சென்றபோது பனிக்கட்டி படிந்து விமானம் சுழன்று வீழ்ந்தது. தாழ இறங்கியபின் அதனை நிலைப்படுத்தினார். விடிந்தபின்னோ குழாயின் அதிர்ச்சி மிகுந்தது. பெட்ரோலும் உள்ளே கசிந்தது. தீயும் பெட்ரோலும் அருகிருக்கப் பறத்தல் தகாதெனத் தெளிந்து, பாரிஸைக் கைவிட்டு, அயர்லாந்தின் லண்டன்டெரிக்கு அருகே ஒரு மேய்ச்சல் நிலத்தில் இனிதே இறங்கினார். பிரயாணம் ஏறக்குறைய 15 மணி நேரம். அட்லாண்டிக்கைத் தனித்துப் பறந்து கடந்த முதற் பெண்மணி அவரேயாவர்.

1937-இல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டவர், ஜூலை 2-ஆம் நாள் பசிபிக் சமுத்திரத்தின் ஹௌலண்டுத் தீவை நாடிச் செல்கையில், துணைவர் நூனனோடு மறைந்தார். அவர் முடிவை எண்ணி வருந்தும் நாம், பாரிஸைத் துறந்த அக்காலை நேரத்து நிதானத்தையும் மறவாது போற்றுவோமாக.