பிரிந்தும் பகை கொள்ளாத பெருமகன் ரிச்சர்டு ஆலன்

ஒரே வேதத்தை ஓதி, ஒரே இறைவனைத் தொழுவோருக்குள்ளும் பிரிவினை தோன்றுவதுண்டு. அவ்வாறு தோன்றியபோது தன்மானத்தை இழவாமலும் அன்பைத் துறவாமலும் வாழ்ந்து காட்டியவர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் ரிச்சர்டு ஆலன்.

அவர் 1760ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் அடிமையாகப் பிறந்தார். இளமையிலேயே டெலாவேர் பகுதி விவசாயி ஒருவருக்குக் குடும்பத்தோடு விற்கப்பட்டார். பின்னர் தாயும் உடன்பிறந்தார் சிலரும் வேறிடத்திற்கு விற்கப்பட்டனர். 17ஆம் வயதில் மெதடிஸ்டு சமயத்தைத் தழுவிய ஆலன், விறகு வெட்டியும், செங்கல் சூளையில் உழைத்தும், உப்பு வண்டி ஓட்டியும் பொருளீட்டித் தமது விடுதலையைத் தாமே விலை கொடுத்துப் பெற்றார்.

1786ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரின் புனித ஜார்ஜ் ஆலயத்தில் விடியற்காலை 5 மணிக்குப் பிரசங்கிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. கறுப்பின மக்கள் திரளாக வந்தனர். 1787இல் ஆலனும் நண்பர் அப்சலோம் ஜோன்சும் 'சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கம்' அமைத்தனர். மாதம் ஒரு ஷில்லிங் சந்தா திரட்டி, நோயுற்றோரையும் விதவைகளையும் அச்சங்கம் ஆதரித்தது.

புனித ஜார்ஜ் ஆலயத்தை விரிவாக்கக் கறுப்பின மக்களும் பொருளுதவி செய்திருந்தனர். ஆயினும் அவர்களுக்குத் தனி இடமே ஒதுக்கப்பட்டது. ஒரு நாள் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த ஜோன்சை, ஜெபம் முடியுமுன்பே ஆலய நிர்வாகிகள் பிடித்துத் தூக்கினர். ஜெபம் முடிந்ததும் கறுப்பின மக்கள் அனைவரும் ஒருசேர வெளியேறினர். இது 1787இல் நிகழ்ந்தது என்பது மரபு. 1792ஐ ஒட்டியது என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து.

1793இல் பிலடெல்பியாவை மஞ்சள் காய்ச்சல் தாக்கி ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டது. தம்மை இழிவுபடுத்திய நகரமே என்று ஆலன் வாளாவிருக்கவில்லை. அவரும் ஜோன்சும் தம் மக்களைத் திரட்டி வெள்ளையரின் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தனர். இறந்தோரை அடக்கம் செய்தனர்.

நண்பர் இருவரிடையேயும் கருத்து வேற்றுமை எழுந்தது. சங்கத்தினருள் பெரும்பாலோர் எப்பிஸ்கோப்பல் சபையைச் சார விரும்பினர். ஜோன்ஸ் அவர்களுக்குத் தலைமை ஏற்றார். ஆலனோ மெதடிஸ்டாகவே நிலைத்தார். தமக்குச் சொந்தமான மனைக்குப் பழைய கொல்லன் பட்டறை ஒன்றைக் குதிரைகள் பூட்டி இழுத்து வந்து, அதையே பெத்தேல் ஆலயமாக்கினார். 1794 ஜூலையில் இருவரின் ஆலயங்களும் திறக்கப்பட்டன. வழிகள் பிரிந்தனவே தவிர, நட்பு முறியவில்லை.

1796இல் பெத்தேல் ஆலயத்தைச் சட்டப்படி பதிவு செய்தபோது, எழுதித் தரப்பட்ட பத்திரத்தை நம்பிக் கையொப்பமிட்டனர். சொத்தின் மீதான அதிகாரம் வெள்ளையர் தலைமைக்குச் சென்றிருந்தது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. 1807இல் அப்பத்திரத்தைத் திருத்தினர். வழக்குகள் தொடர்ந்தன. 1815இல் தமது ஆலயத்தையே ஏலத்தில் 10,000 டாலருக்கு மேல் கொடுத்து ஆலன் மீட்க நேர்ந்தது. 1816இல் பென்சில்வேனியா உயர்நிலை நீதிமன்றம் பெத்தேல் மக்களின் உரிமையை உறுதி செய்தது. அவ்வாண்டே ஆப்பிரிக்க மெதடிஸ்டு எப்பிஸ்கோப்பல் திருச்சபை உருவாயிற்று. ஆலன் அதன் முதல் பேராயரானார். அவரைத் திருநிலைப்படுத்தக் கை வைத்தவர்களுள் அப்சலோம் ஜோன்சும் ஒருவர்! 1831 மார்ச் 26ஆம் நாள் ஆலன் மறைந்தார்.

பிளவு ஆற நெடுங்காலம் ஆயிற்று. புனித ஜார்ஜ் ஆலயம் சார்ந்துள்ள ஐக்கிய மெதடிஸ்டு திருச்சபை 2000ஆம் ஆண்டு தனது பொதுப் பேரவையில் நிறவெறிக்காக மனம் வருந்தி வழிபாடு நடத்தியது. 2009 அக்டோபரில் பெத்தேல் மக்கள் புனித ஜார்ஜ் ஆலயத்திற்கு வந்து ஞாயிறு வழிபாட்டில் ஒன்றுகூடினர். 2012இல் இவ்விரு திருச்சபைகளும் வேறு சில மெதடிஸ்டு திருச்சபைகளும் ஒன்றையொன்று முழுமையாக ஏற்கும் உடன்பாட்டை எட்டின.

இளைஞர்களே, இங்கே பிரிவினையைத் தொடங்கியவர் யார் என்பதைச் சிந்தியுங்கள். வெளியே நடந்தவரல்லர்; ஜெபித்தவரைத் தூக்கியவரே. தலைகுனிந்து திரும்பிச் செல்வது சமரசமாகாது. தம் மனையும் தம் ஆலயமும் உடையவர்களாய், சமமானவர்களாய்ச் சென்றதனாலேயே பெத்தேல் மக்களின் வருகை ஒப்புரவாயிற்று. கையொப்பமிடுமுன் படித்தறியும் கல்வியும், கருத்து மாறுபட்டாலும் கைகோக்கும் பண்பும் நமக்கும் வேண்டும். சங்கம் வளர்ப்போர்க்கு ஆலனும் ஜோன்சும் விட்டுச்சென்ற பாடம் இதுவே.